கணினித் தொலைநோக்கியின் அமைப்புகள்: பகல் வேலை முதல் பிழை திருத்தம் வரை முழுமையான வழிகாட்டி

பொருளின் பெயரைக் கொடுத்தால் மோட்டாரால் தானே அங்கே திரும்பும் கோ-டூ தொலைநோக்கிக்கு வானம் தெரியாது. நீங்கள் உள்ளிட்ட இடம், தேதி, நேரம், அதன்பின் நீங்கள் நடுவில் கொண்டுவந்து நிறுத்திய இரண்டு மூன்று நட்சத்திரங்கள், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். மீதி எல்லாம் கணக்கு. சனியைத் தேடச் சொன்னால் வெற்று இருளைக் காட்டுகிறது என்றால், கணக்கு பிசகுவது மிக அரிது. கொடுத்த விவரம்தான் பிசகியிருக்கும். எவ்வளவு தூரம் தவறுகிறது, எந்தப் பக்கம் தவறுகிறது என்று கவனித்தாலே எந்த விவரம் பிசகியது என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். அந்தப் பழக்கம் வருவதற்காகவே ஒவ்வொரு அமைப்போடும் அதன் காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறோம்.

செலஸ்ட்ரான் நெக்ஸ்டார், ஸ்கை-வாட்சர் சின்ஸ்கேன், மீட் ஆட்டோஸ்டார் ஆகிய மூன்று குடும்பங்களும் இங்கே வருகின்றன. மெனுவின் பெயர்கள் மாறும், வேலை ஒன்றுதான்.

## பகலிலேயே முடிக்க வேண்டியவை

இருட்டில் முதல்முறையாக மெனுவைத் துழாவுவது வீண் அலைச்சல். கருவியை வீட்டுக்குள் வைத்து மின்சாரம் கொடுத்து, கண்ட்ரோலரின் (கையில் பிடிக்கும் பொத்தான் பெட்டி) மெனுக்களில் ஒருமுறை போய்வாருங்கள். அலைன்மென்ட் என்பது சில நட்சத்திரங்களை நடுவில் நிறுத்தி, வானம் எப்படி இருக்கிறது என்று கருவிக்குக் காட்டுவது. உள்ளேயே ஒரு பொய் அலைன்மென்ட் செய்து பார்க்கலாம். அது எங்கே காட்டினாலும் பரவாயில்லை, எந்தப் பொத்தான் எப்போது என்பது கைக்குப் பழகிவிடும்.

பகலில் செய்தே ஆகவேண்டிய வேலை ஃபைண்டரை, அதாவது குழாயின் மேல் உள்ள குறிபார்க்கும் சிறு கருவியை, சரிசெய்வது. குறைந்தது அரை கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கோபுர உச்சியோ மின்கம்பத்தின் முனையோ தேர்ந்தெடுங்கள். பக்கத்துப் பொருளை வைத்துச் செய்தால் இரவில் ஃபைண்டரும் குழாயும் விலகி நிற்கும். 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) அந்த முனையை நடுவுக்குக் கொண்டுவந்து, குழாயை அசைக்காமல் ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி சிவப்புப் புள்ளியை அதே முனையில் உட்கார வையுங்கள். பிறகு 10 மி.மீ. ஐபீஸ் போட்டு ஒருமுறை நுணுக்கமாகச் சரிபாருங்கள். சூரியன் இருக்கும் திசைப்பக்கமே குழாயைத் திருப்ப வேண்டாம். நெக்ஸ்டாரில் சூரியன் இயல்பாகவே மெனுவில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். குழாயின் முன்புறம் முழுவதையும் மூடும் சூரிய வடிகட்டி கையில் இல்லாமல் அதைத் திறந்துவிடாதீர்கள். வடிகட்டி போட்டாலும் லென்ஸ் வைத்த ஃபைண்டரை மூடியே வையுங்கள்.

உங்கள் ஐபீஸ் எவ்வளவு வானத்தைக் காட்டும் என்ற கணக்கும் இப்போதே வேண்டும். 1500 மி.மீ. குவியத் தூரமுள்ள குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 60 மடங்கு. ஐபீஸின் தோற்றப் புலம் (அதற்குள் தெரியும் வட்டத்தின் கோண அகலம்) 50 டிகிரி என்றால், 50-ஐ 60-ஆல் வகுக்க ஏறத்தாழ 0.8 டிகிரி வரும். அதே குழாயில் 9 மி.மீ. போட்டால் 167 மடங்கு, புலம் 0.3 டிகிரிதான். கோ-டூ 10 கலை விலகி நிறுத்தினால் முதல் ஐபீஸில் பொருள் உள்ளே இருக்கும், இரண்டாவதில் விளிம்பைத் தாண்டிப் போயிருக்கும். 60 கலை ஒரு டிகிரி என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தேடுவது எப்போதும் மி.மீ. எண் பெரிய ஐபீஸில்தான். பொருள் கிடைத்து நடுவுக்கு வந்த பிறகே சிறியது.

## மின்சாரம்

விளங்காத கோளாறுகளில் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கட்டளை கொடுக்காமலே மவுண்ட் (குழாயைத் தாங்கித் திருப்பும் பாகம்) சுற்றுவது, வேகமாகத் திரும்பும்போது திரை அணைந்து மறுபடி எரிவது, நெக்ஸ்டாரில் "நோ ரெஸ்பான்ஸ் 16" அல்லது "17" என்று வருவது எல்லாவற்றிலும் முதலில் மின்னழுத்தத்தைச் சந்தேகியுங்கள். அந்த எண்களில் 16 கிடைமட்ட மோட்டார், 17 உயர மோட்டார். கண்ட்ரோலரால் அந்த மோட்டாரோடு பேச முடியவில்லை என்று பொருள். கேபிள் சரியாகச் சொருகியிருந்தும் இது வந்தால் பெரும்பாலும் பேட்டரிதான்.

எட்டு ஏஏ பேட்டரிகள் போடும் இடம் பல மாடல்களில் உண்டு. அவசரத்துக்கு உதவும், இரவு முழுவதற்கும் போதாது. மோட்டார் முழு வேகத்தில் சுற்றும்போது மின்னோட்டம் திடீரென ஏறும், பலவீனமான பேட்டரியின் அழுத்தம் அந்த நொடியில் சரிந்துவிடும். சும்மா இருக்கும்போது மீட்டரில் 12 வோல்ட் காட்டியது என்பது எதையும் நிரூபிக்காது. குழாய் வேகமாகத் திரும்பும்போது அளந்து பாருங்கள்.

நல்ல வழி, வெளியே வைக்கும் 12 வோல்ட் லித்தியம் பவர் பேக். சிறிய ஒற்றைக்கை மவுண்டுக்கு 7 ஆம்பியர்-மணி ஓர் இரவுக்குத் தாராளம். அடாப்டர் என்றால் குறைந்தது 2 ஆம்பியர் தரக்கூடியதாக இருக்கட்டும். பெரிய மவுண்டுகளுக்கு அதைவிடக் கூடுதல் வேண்டும், கையேட்டைப் பாருங்கள். செலஸ்ட்ரான், ஸ்கை-வாட்சர் சிறு மவுண்டுகளின் பிளக்கில் நடுமுனை நேர்முனை. முனை மாற்றிக் கொடுத்தால் சுற்றுப்பலகை போய்விடும், வேறு கருவியின் அடாப்டரை எடுத்துச் சொருகும் முன் அதன் மேல் அச்சிட்ட குறியைப் படியுங்கள். பிளக் தளர்வாக இருந்தாலும் குழாய் சுற்றும்போது கேபிள் இழுபட்டு ஒரு கணம் துண்டிக்கும், அலைன்மென்ட் முழுவதும் போய்விடும். கேபிளை முக்காலியின் காலில் ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டி, மவுண்ட் பக்கம் ஒரு சுற்று தளர விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

## இடம், தேதி, நேரம்

பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது, 4 நிமிடத்தில் ஒரு டிகிரி. இந்த ஒரு கணக்கை வைத்தே நேரப் பிழையின் விளைவை அளந்துவிடலாம். ஒரு நிமிடம் முன்பின் இருந்தால் கால் டிகிரி, அதை அலைன்மென்ட் சரிக்கட்டிவிடும். ஒரு மணி நேரம் என்றால் 15 டிகிரி, கண்ட்ரோலர் சொல்லும் நட்சத்திரம் ஃபைண்டரில்கூட வராது.

பிழைகள் வழக்கமாக நுழையும் வாசல்கள் இவை:

தேதி. நெக்ஸ்டாரும் சின்ஸ்கேனும் மாதத்தை முதலில் கேட்கும், பிறகுதான் நாள். ஏப்ரல் 7 என்பதற்கு 07/04 என்று அடித்தால் அது ஜூலை 4 என்று எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. 88 நாள் வித்தியாசம் வானத்தை ஏறத்தாழ 87 டிகிரி திருப்பிவிடும். நாள் 12-க்கு மேல் இருந்தால் கருவியே மறுத்துவிடும். 12-க்குள் இருக்கும் நாட்களில்தான் ஆபத்து.

நேர மண்டலம். சில நாடுகளின் மண்டலம் அரை மணி அல்லது முக்கால் மணியோடு முடியும். அந்த நிமிடங்களை விட்டுவிட்டு முழு மணியை மட்டும் தேர்ந்தெடுத்தால் 7 டிகிரிக்கு மேல் தள்ளிப்போகும். கூட்டல், கழித்தல் குறியையும் கவனியுங்கள். கிரீன்விச்சுக்குக் கிழக்கே கூட்டல், மேற்கே கழித்தல்.

பகலொளி சேமிப்பு நேரம். இந்த வழக்கம் இல்லாத நாடுகளில் எப்போதும் "ஸ்டாண்டர்ட்" அல்லது "நோ". வழக்கம் உள்ள இடங்களில், அது நடப்பில் இருக்கும் மாதங்களில் கடிகாரம் காட்டும் நேரத்தை அப்படியே கொடுத்து, பகலொளி நேரம் "ஆம்" என்று வையுங்கள். மண்டலத்தையும் ஒரு மணி நேரம் மாற்றி, இதையும் ஆம் என்று வைத்தால் ஒரே திருத்தம் இரண்டு முறை ஏறிவிடும்.

முற்பகல், பிற்பகல். இரவு 8 மணி காலை 8 மணி ஆகிவிட்டால், கண்ட்ரோலரின் பட்டியலில் வரும் நட்சத்திரங்களில் பல அடிவானத்துக்குக் கீழே இருக்கும். பட்டியலில் உள்ள பெயர் உங்கள் வானத்தில் இல்லவே இல்லை என்றால், நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரத்தைத் திறந்து பாருங்கள். 24 மணி முறையில் அடித்தால் இந்தப் பிழைக்கே இடமில்லை.

இடக் குறியீடு. இங்கே இரண்டு பொறிகள். போன் வரைபடம் அட்சரேகையை முதலில் தரும். சின்ஸ்கேன் போன்ற கண்ட்ரோலர்கள் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மற்றது, போன் தருவது தசமம், கண்ட்ரோலர் கேட்பது டிகிரியும் கலையும். 34.30 டிகிரி என்பது 34 டிகிரி 30 கலை ஆகாது. புள்ளிக்குப் பின்னுள்ளதை 60-ஆல் பெருக்க வேண்டும், 0.30 × 60 = 18, ஆக 34 டிகிரி 18 கலை. கிழக்கு, மேற்கு எழுத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். துல்லியம் பற்றிக் கவலை வேண்டாம், அருகிலுள்ள நகரத்தைத் தேர்ந்தெடுத்தாலே கண்ணால் பார்க்கும் வேலைக்குப் போதும். உயரம் கேட்டால் தோராயமாகக் கொடுங்கள்.

பல எளிய மாடல்களில் கடிகாரத்துக்கென்று உள் பேட்டரி கிடையாது. இடத்தை நினைவில் வைத்திருக்கும், நேரத்தை ஒவ்வோர் இரவும் புதிதாகக் கொடுக்க வேண்டும். திரையில் தெரியும் பழைய நேரத்தை அவசரத்தில் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடாதீர்கள். ஜிபிஎஸ் உள்ள பழைய கருவிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஜிபிஎஸ்-இன் வார எண்ணிக்கை 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபின், அதற்குத் தயாராக இல்லாத சில கருவிகள் தேதியைப் பத்தொன்பது ஆண்டுகளுக்கும் மேல் பின்னே காட்டுகின்றன. ஜிபிஎஸ் தந்த தேதியைத் திரையில் படித்துப் பாருங்கள். தவறாக இருந்தால் ஜிபிஎஸ்-ஐ அணைத்துவிட்டுக் கையால் கொடுங்கள்.

## முக்காலியும் தொடக்க நிலையும்

முக்காலியின் கால்களைக் குட்டையாக வையுங்கள், ஆட்டம் குறையும். குமிழி மட்டத்தை வைத்துச் சமன்படுத்துங்கள். இரண்டு மூன்று நட்சத்திர அலைன்மென்ட்டில் சாய்வைக் கருவியே கணித்துக்கொள்ளும். ஆனாலும் மட்டம் சரியாக இருந்தால் முதல் நட்சத்திரத்துக்கே கிட்டத்தட்ட நேராகப் போய் நிற்கும். ஒற்றை நட்சத்திரம் அல்லது ஒரு கோளை மட்டும் வைத்து அலைன் செய்தால் மட்டம் மிக முக்கியம், ஏனென்றால் சாய்வைக் கண்டுபிடிக்க அதற்கு வேறு புள்ளி இல்லை.

ஆட்டோஸ்டார் போன்றவை குழாயைப் படுக்கை நிலையில், வடக்கு நோக்கி வைத்துத் தொடங்கச் சொல்லும். அது மெய்வடக்கு. திசைகாட்டி காட்டும் காந்த வடக்கு இடத்துக்கு இடம் சில டிகிரி மாறும். போன் திசைகாட்டியில் மெய்வடக்குக்கான அமைப்பு இருந்தால் அதை இயக்கிக்கொள்ளுங்கள், போனைக் குழாய்க்கும் மோட்டாருக்கும் பக்கத்தில் வைத்து அளக்காதீர்கள். வடகோளத்தில் துருவ நட்சத்திரம் தெரிந்தால் அதுவே போதும். ஆட்டோஸ்டாரில் தொலைநோக்கி மாடலையும் மவுண்ட் வகையையும் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மாடல் மாறியிருந்தால் பற்சக்கர விகிதமே மாறிவிடும், பிறகு எதுவும் ஒத்துவராது. "டிரெயின் டிரைவ்ஸ்" என்ற பயிற்சியையும் பகலில் ஒரு தூரப் பொருளை வைத்து ஒருமுறை முடித்துவிடுங்கள்.

குழாயை வெளியே வைத்து அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை விடுங்கள். உள்ளே சூடான காற்று இருக்கும்வரை நட்சத்திரம் கொதித்துக்கொண்டே இருக்கும், நடுவில் நிறுத்துவதும் துல்லியமாக வராது.

## நட்சத்திர அலைன்மென்ட்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பொறுமையாகச் செய்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். இதில் செலவிடும் பத்து நிமிடம் இரவு முழுவதும் பலன் தரும்.

முறையைத் தேர்ந்தெடுப்பது முதலில். நட்சத்திரப் பெயர் எதுவும் தெரியாதவர்களுக்கு நெக்ஸ்டாரின் "ஸ்கை அலைன்" பொருந்தும். பிரகாசமான மூன்று பொருட்களைக் காட்டினால் எது எது என்று அதுவே கண்டுகொள்ளும். இடமும் நேரமும் சரியாக இருந்தால்தான் அது வெற்றி பெறும். ஒரு நட்சத்திரமாவது பெயர் சொல்லத் தெரிந்தவர்களுக்கு "ஆட்டோ டூ-ஸ்டார்" நல்லது. முதலாவதை நீங்கள் காட்டினால் இரண்டாவதை அது பரிந்துரைத்துத் தானே அருகில் போய் நிற்கும். சின்ஸ்கேனில் "பிரைட்டஸ்ட் ஸ்டார்", "டூ-ஸ்டார்" என்று இருக்கும்.

கண்ட்ரோலர் மேற்கத்தியப் பெயர்களையே காட்டும். அவற்றில் பல நமக்குத் தெரிந்தவைதான்: ஆர்க்டியூரஸ் சுவாதி, ஸ்பைக்கா சித்திரை, அல்டெபரான் ரோகிணி, ஆன்டாரெஸ் கேட்டை, ரெகுலஸ் மகம், பீட்டல்ஜூஸ் திருவாதிரை, ஆல்டேர் திருவோணம், வேகா அபிஜித்.

எந்த இரண்டு? ஒன்றுக்கொன்று 45 முதல் 135 டிகிரி வரை விலகியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் இல்லாமல் 10 முதல் 30 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் இன்னும் நல்லது. அடிவானத்திலிருந்து 20 டிகிரிக்குக் கீழே உள்ளதைத் தொடாதீர்கள். வளிமண்டலம் ஒளியை வளைத்து நட்சத்திரத்தை உண்மையான இடத்தைவிடத் தூக்கிக் காட்டும், அடிவானத்தில் இந்த வளைவு அரை டிகிரியைத் தாண்டும். தலைக்கு நேர்மேலே உள்ளதும் வேண்டாம். அங்கே கிடைமட்டத்தில் பல டிகிரி திருப்பினாலும் நட்சத்திரம் கொஞ்சமே நகரும், கிடைமட்டப் பிழை கருவிக்குத் தெரியாமலே போகும். வேகாவும் ஆர்க்டியூரஸும் 59 டிகிரி இடைவெளியில் நல்ல இணை. பீட்டல்ஜூஸும் ரைஜலும் 20 டிகிரிக்குள், கூடாது. காஸ்டரும் போலக்ஸும் நாலரை டிகிரி இடைவெளியில் ஒன்றுபோலவே தெரிவதால் ஆள்மாறாட்டம் நடக்கும் இடம், இரண்டையுமே தவிர்ப்பது நிம்மதி.

"அலைன்மென்ட் ஃபெய்ல்டு" ஏன் வருகிறது என்பது இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. வேகாவை நிறுத்திவிட்டு, ஆர்க்டியூரஸ் என்று நினைத்து ஸ்பைக்காவை நிறுத்தினீர்கள் என்று வையுங்கள். இரண்டுக்கும் இடையே 59 டிகிரி இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. மோட்டார் உண்மையில் சுற்றிய கோணங்களிலிருந்து கிடைப்பதோ ஏறத்தாழ 88 டிகிரி. இரண்டும் ஒத்துவராததால் கருவி மறுக்கிறது. அதாவது தோல்விச் செய்தி நல்ல செய்தி; தவறான நட்சத்திரத்தை அது பிடித்துவிட்டது. ஒற்றை நட்சத்திர முறையில் இப்படிச் சரிபார்க்க வழியில்லை, தவறையும் "வெற்றி" என்றே சொல்லும்.

இனி நடுவில் நிறுத்தும் விதம்:

1. வேகம் 9-இல் ஃபைண்டரின் சிவப்புப் புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். நெக்ஸ்டாரில் இங்கே "என்டர்".
2. ஐபீஸுக்கு மாறி வேகத்தை 5, பிறகு 3 அல்லது 4 என்று குறையுங்கள். நெக்ஸ்டாரில் குறைந்த வேகங்களில் மேல்-கீழ் பொத்தானின் திசை மாறும், பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.
3. நட்சத்திரத்தைக் கொஞ்சம் தாண்டவிட்டு, கடைசி அசைவு மேல் பொத்தானாலும் வலது பொத்தானாலும் மட்டுமே முடியும்படி நடுவுக்கு வாருங்கள்.
4. நடுவா என்று சந்தேகமாக இருந்தால் ஃபோகஸைக் கலையுங்கள். நட்சத்திரம் பெரிய வட்டாகி புலத்தை நிரப்பும்போது, வட்டின் விளிம்புக்கும் புலத்தின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் சமமா என்று கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். குறுக்குக் கோடு போட்ட ஐபீஸ் இருந்தால் இந்த வேலை வேண்டாம்.
5. "அலைன்" அழுத்துங்கள்.

மூன்றாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பற்சக்கரங்களுக்கு இடையே சிறு தளர்ச்சி எப்போதும் உண்டு. திசை மாறும் ஒவ்வொரு முறையும் மோட்டார் சுற்றும், குழாய் அசையாது, ஆனால் கருவி அசைந்ததாகக் கணக்கில் எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு நட்சத்திரத்தையும் ஒவ்வொரு திசையிலிருந்து நெருங்கினால் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பிழை சேரும். எப்போதும் மேல், வலது என்று முடித்தால் பற்கள் ஒரே பக்கம் அழுந்தி நிற்கும். கோ-டூ கடைசியாக நெருங்கும் திசையும் இயல்பாக அதுவே. குழாயின் பாரம் ஒரு பக்கம் அதிகமாகி நெக்ஸ்டாரின் "கோ-டூ அப்ரோச்" திசையை மாற்றியிருந்தால், நீங்கள் முடிக்கும் பொத்தான்களும் அதோடு மாற வேண்டும்.

டயகனலை (ஐபீஸுக்கு முன் ஒளியை வளைத்துத் தரும் கண்ணாடிப் பகுதி) ஒரு நட்சத்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் திருப்பாதீர்கள். அது தளர்ந்து சுழன்றால் புலத்தின் நடுவே இடம் மாறிவிடும், அலைன்மென்ட்டில் அது நேரடியாகக் கலக்கும்.

முடிந்ததும் சோதனை. முதல் இலக்காக மங்கலான கேலக்ஸியைக் கேட்காதீர்கள். சரியாகப் போய் நின்றிருந்தும் ஒளி மாசில் கண்ணுக்குத் தெரியாமல், கோ-டூ தவறியது என்று எண்ண வைக்கும். அலைன்மென்ட்டில் சேராத, வானத்தின் வேறு மூலையில் உள்ள ஒரு பிரகாசமான நட்சத்திரத்துக்குப் போகச் சொல்லுங்கள். 25 மி.மீ. ஐபீஸில் உள்ளே விழுந்தால் நல்ல அலைன்மென்ட்.

பிறகு ஒரு பகுதியில் மட்டும் துல்லியம் குறைந்தால் முழுவதையும் மறுபடி செய்ய வேண்டியதில்லை. நெக்ஸ்டாரில் அலைன்மென்ட் நட்சத்திரங்களில் ஒன்றை, இப்போது பார்க்கும் பகுதியில் உள்ள புதிய நட்சத்திரத்தால் மாற்றலாம். சின்ஸ்கேனில் பொருளை நடுவில் வைத்து "எஸ்கேப்" பொத்தானை இரண்டு நொடி அழுத்தினால் அந்தப் பகுதிக்கு மட்டும் திருத்தம் சேரும். அது வானத்தை 85 சிறு பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது.

## டிராக்கிங், பேக்லாஷ், வரம்புகள்

டிராக்கிங் என்பது வானம் சுழலச் சுழலக் குழாய் பொருளைத் தானே பின்தொடர்வது. அதன் முறை மவுண்டோடு பொருந்த வேண்டும்: தட்டையாக வைத்த மவுண்டுக்கு "ஆல்ட்-அஸ்", துருவ அச்சில் சாய்த்ததற்கு வடகோளம் அல்லது தென்கோளம். வேகத்தில் "சைடீரியல்" நட்சத்திரங்களுக்கும் கோள்களுக்கும், "லூனார்" நிலாவுக்கு, "சோலார்" சூரியனுக்கு. நிலா நட்சத்திரங்களைவிட மணிக்கு ஏறத்தாழ அரை டிகிரி, அதாவது தன் அகலம் அளவுக்கு, கிழக்கே நகரும். நீண்ட நேரம் நிலாவின் ஒரே பள்ளத்தைப் பார்ப்பவர்கள் இதை மாற்றுவது நல்லது. மறுபடி சைடீரியலுக்குத் திருப்ப மறவாதீர்கள்.

பேக்லாஷ் திருத்தம், பற்சக்கரத் தளர்ச்சியை மோட்டார் வேகமாகத் தாண்டும்படி செய்வது. பகலில் தூரத்துப் பொருளை அதிக மடங்கில் பாருங்கள். சில நொடி வலது, உடனே இடது. காட்சி நகரத் தாமதித்தால் அந்த அச்சின் மதிப்பைக் கூட்டுங்கள். திசை மாறும்போது காட்சி துள்ளினால் குறையுங்கள். நெக்ஸ்டாரில் மதிப்பு 0 முதல் 99 வரை, கண்ணால் பார்ப்பதற்குப் பொதுவாக 20 முதல் 50-க்குள் அமைந்துவிடும். ஓர் அச்சின் நேர், எதிர் மதிப்புகளை ஒன்றுபோல வையுங்கள். சின்ஸ்கேனில் இது டிகிரி, கலை, விகலையாகக் (கலையில் அறுபதில் ஒரு பங்கு) கேட்கப்படும்.

உயர வரம்பை உங்கள் குழாயைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நீளமான குழாயோ பின்னால் கேமராவோ இருந்தால், மேலே நிமிரும்போது அடிப்பாகத்தில் இடிக்கும். பகலில் மெதுவாக உயர்த்தி எந்த டிகிரியில் தட்டுகிறது என்று பார்த்து, அதற்கு ஐந்து டிகிரி முன்பே மேல் வரம்பை வையுங்கள். வெளியிலிருந்து மின்கேபிள் வருகிறது என்றால் "கார்ட் ரேப்" இயக்கத்தில் இருக்கட்டும். குழாய் ஒரே பக்கமாகச் சுற்றிக் கேபிளை முறுக்காமல் அது பார்த்துக்கொள்ளும். சில நேரம் பக்கத்திலுள்ள பொருளுக்கு முழுச் சுற்று சுற்றிப் போவது இதனால்தான்.

## சாய்வு அச்சு மவுண்ட் என்றால்

ஓர் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் மவுண்ட் இது. இங்கே கூடுதல் வேலை அந்தத் துருவ அச்சைச் சரிசெய்வது. அட்சரேகை அளவுகோலை உங்கள் அட்சரேகைக்கு வைத்து, அச்சைத் துருவத்துக்குத் திருப்புங்கள். துருவ நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை, ஏறத்தாழ 0.6 டிகிரி விலகியிருக்கிறது. துருவத் தொலைநோக்கியில் (அச்சுக்குள் பொருத்திய சிறு தொலைநோக்கி) அது எந்தக் கடிகாரத் திசையில் நிற்க வேண்டும் என்பதை கண்ட்ரோலரோ போன் செயலியோ சொல்லும். தென்கோளத்தில் துருவத்துக்கு அருகிலுள்ள நட்சத்திரமான சிக்மா ஆக்டாண்டிஸ் மங்கலானது. அங்கே கண்ட்ரோலரில் உள்ள, நட்சத்திரத்தை வைத்துத் துருவம் சரிசெய்யும் வசதி பெரிய உதவி. செலஸ்ட்ரானில் அது "ஆல்-ஸ்டார் போலார் அலைன்". முடித்ததும் நட்சத்திர அலைன்மென்ட்டைப் புதிதாகச் செய்யுங்கள், ஏனென்றால் திருகைத் திருப்பியபோது முழு மவுண்டும் நகர்ந்திருக்கிறது.

நட்சத்திரங்களில் இரண்டை உச்சிக்கோட்டின் (வடக்கு-தெற்காகத் தலைக்கு மேல் செல்லும் கோடு) ஒரு பக்கமும் மூன்றாவதை எதிர்ப்பக்கமும் எடுங்கள். குழாய் அதன் தாங்கியில் மிகச் சிறிதளவு கோணலாக உட்கார்ந்திருக்கும். ஒரே பக்கத்து நட்சத்திரங்களில் அது தெரியாது, எதிர்ப்பக்கம் போனதும் தெரியும்.

## போனிலிருந்து இயக்கும்போது

வைஃபை மூலம் இயக்கினால் இடமும் நேரமும் போனிலிருந்தே போகும், மேலே சொன்ன தட்டச்சுப் பிழைகள் பாதி மறைந்துவிடும். செயலிக்கு இருப்பிட அனுமதியும், ஐபோனில் உள்ளூர் நெட்வொர்க் அனுமதியும் கொடுங்கள். தொலைநோக்கியின் வைஃபையில் இணையம் கிடையாது. "இணையம் இல்லை" என்று கண்டதும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவி, இணைப்பு அறுந்துபோகும். விமானப் பயன்முறையை இயக்கி வைஃபையை மட்டும் திறந்து வைத்தால் தீர்ந்தது. ஸ்கைசஃபாரி போன்ற செயலியில் முகவரி கேட்டால், செலஸ்ட்ரான் நேரடி வைஃபைக்கு 1.2.3.4, போர்ட் 2000; சின்ஸ்கேன் வைஃபைக்கு 192.168.4.1.

ஒரு நுணுக்கம்: நட்சத்திர ஆயங்களைக் கையால் உள்ளிடும்போது அவை எந்த ஆண்டுக்கானவை என்று பாருங்கள். பட்டியல்கள் பெரும்பாலும் 2000-ஆம் ஆண்டுக்கு, மவுண்ட் கணக்கிடுவது பெரும்பாலும் இன்றைய தேதிக்கு. பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை விலகுகிறது. கால் நூற்றாண்டில் அது 0.3 டிகிரியைத் தாண்டிவிட்டது. 9 மி.மீ. ஐபீஸில் பொருள் வெளியே போக அது போதும்.

## தவறும் விதமும் காரணமும்

முதல் நட்சத்திரத்துக்கே பல டிகிரி தள்ளிப் போனால்: தேதி வரிசை, மண்டலம், பகலொளி நேரம், கிழக்கு-மேற்கு எழுத்து, தொடக்க நிலை. 15 டிகிரி அளவு என்றால் நேராகப் பகலொளி நேரத்தைத் திறவுங்கள்.

நட்சத்திரங்கள் எல்லாம் சரி, நிலா மட்டும் தன் அகலம் அளவு தள்ளி இருக்கிறது: ஒரு மணி நேரப் பிழை. இரண்டு நட்சத்திர அலைன்மென்ட் வானத்தின் சுழற்சியைச் சரிக்கட்டிவிடும். ஆனால் நிலா எங்கே என்பதைக் கருவி நேரத்தை வைத்தே கணிக்கிறது. நிலாவோடு கோள்களும் பல டிகிரி தள்ளி இருந்தால் தேதி அல்லது ஆண்டு.

எங்கே போனாலும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகல்: நடுவில் நிறுத்தியதில் பிழை, அல்லது டயகனல் திரும்பியது. ஒரு பாதி வானத்தில் நன்று, மறுபாதியில் மோசம்: நட்சத்திரங்களை நெருக்கமாக எடுத்திருக்கிறீர்கள், அல்லது எல்லாவற்றையும் ஒரே பக்கம்.

சரியாகப் போய் நின்று, பிறகு பொருள் நழுவுகிறது: எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது என்று பாருங்கள். டிராக்கிங் அடியோடு இல்லாவிட்டால் வானநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நட்சத்திரம் நொடிக்கு 15 விகலை நகரும், 0.8 டிகிரி புலத்தை மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் கடந்துவிடும். அப்படிக் கடந்தால் டிராக்கிங் அணைந்திருக்கிறது. அதைவிட வேகமாக ஓடினால் முறை மாறியிருக்கிறது, உதாரணமாக வடகோளத்தில் தென்கோள அமைப்பு. ஓரிரு நிமிடம் நழுவிப் பிறகு நின்றுவிட்டால் பேக்லாஷ்.

நேரம் ஆக ஆகத் துல்லியம் கெட்டால்: முக்காலி மண்ணில் இறங்குகிறது, கிளட்ச் வழுக்குகிறது, அல்லது பேட்டரி இறங்குகிறது. குழாயைக் கையால் தள்ளியிருந்தாலும் அலைன்மென்ட் போய்விடும்; அச்சிலேயே கோணத்தை அளக்கும் துணை என்கோடர் உள்ள ஸ்கை-வாட்சர் மாடல்களில் மட்டும், அந்த அமைப்பு இயக்கத்தில் இருந்தால் தள்ளலாம்.

## முடிக்கும்போது

கருவியை நகர்த்தாமல் அடுத்த இரவும் அதே இடத்தில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், நெக்ஸ்டாரில் "ஹைபர்னேட்", சின்ஸ்கேனில் "பார்க்" கொடுத்துவிட்டு, திரை அணைக்கச் சொன்ன பிறகே மின்சாரத்தை நிறுத்துங்கள். மறுநாள் சரியான நேரத்தை மட்டும் கொடுத்தால் அலைன்மென்ட் அப்படியே இருக்கும். இடையில் முக்காலியைத் தட்டியிருந்தால் அது செல்லாது.

ஃபர்ம்வேர் (கருவிக்குள் உள்ள மென்பொருள்) புதுப்பிப்பதை வானம் பார்க்கப் போகும் இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள். பகலில், உறுதியான மின்சாரத்தில், இடையில் கேபிள் கழலாதபடி செய்யுங்கள். புதுப்பித்தாலும் ஃபேக்டரி ரீசெட் கொடுத்தாலும் உங்கள் மதிப்புகள் அழியக்கூடும். ஆகவே அதற்கு முன் பேக்லாஷ் மதிப்புகள், உயர வரம்பு, கோ-டூ அப்ரோச் திசை, இடக் குறியீடு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.